ஈகிள் ஸ்கவுட்: 18 வயதுக்கு 11 மாதம்தான் இருக்கிறது, எதை முதலில் தொடங்குவது?

செண்பகம்_டெக்சஸ் (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். மகள் அமெரிக்க சாரணர் அமைப்பில் லைஃப் ஸ்கவுட் (ஈகிளுக்கு முந்தைய படி) ஆகி 5 மாதம் ஆகிறது. இன்னும் 11 மாதத்தில் 18 வயது பூர்த்தியாகிறது. அதற்குள் மிக உயர்ந்த படியான ஈகிளை முடிக்க வேண்டும் என்று உறுதியாக இருக்கிறாள்.

மெரிட் பேட்ஜ் (ஒவ்வொரு துறையிலும் தேறியதற்கான சின்னம்) 15 கையில் இருக்கிறது. பாக்கி 6: கேம்ப்பிங், பெர்சனல் மேனேஜ்மென்ட், பெர்சனல் ஃபிட்னஸ், ஃபேமிலி லைஃப், குக்கிங், எமர்ஜென்சி பிரிபேர்ட்னஸ். கேம்ப்பிங்கில் 14 இரவு ஆகிவிட்டது (கோடை முகாம் ஒன்றில் 6, இன்னொன்றில் 5, வார இறுதிகளில் 3). ட்ரூப்பில் (அவளுடைய சாரணர் குழு) லைஃப் ஆனதிலிருந்து பியூக்ளர் (ஊதுகொம்பு வாசிப்பவர்) பொறுப்பில் இருக்கிறாள். அதற்கு முன் உதவி பட்ரோல் லீடர் (ட்ரூப்புக்குள் இருக்கும் சிறு அணியின் துணைத் தலைவர்).

ஈகிளுக்காக அவளே தலைமை தாங்கிச் செய்யவேண்டிய சேவை ப்ராஜெக்டுக்கு எங்கள் ஊர்க் கோயில் வாசலில் செருப்பு அலமாரி செய்து தரலாம் என்று யோசனை. கோயில் என்றால் ஏற்பார்களா? 100 மணி நேரம் வேலை காட்டவேண்டும் என்று ஒரு பெற்றோர் சொன்னார், உண்மையா? மரம் அறுப்பதை அவள் அப்பா செய்யலாமா? பணத்துக்கு பக்தர்களிடம் கேட்கலாமா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

முகாம்காரன்

செண்பகம் அக்கா, 11 மாதம் போதும். ஆனால் நீங்கள் எழுதியதில் இரண்டு இடம் இடிக்கிறது. ப்ராஜெக்டுக்கு முன்னால் அவற்றைப் பார்த்துவிடுங்கள்.

ஒன்று, பொறுப்பு. பியூக்ளர் பதவி ஸ்டாருக்கும் (லைஃபுக்கு முந்தைய படி) லைஃபுக்கும் செல்லும், ஈகிளுக்குச் செல்லாது. உதவி பட்ரோல் லீடர் மூன்றில் எதற்கும் செல்லாது. லைஃப் ஆன பிறகு, பட்டியலில் உள்ள பொறுப்பில் 6 மாதம் இருந்தாகவேண்டும் என்பது விதி. அதனால் கடந்த 5 மாதம் இந்தக் கணக்கில் பூஜ்யம்தான். இந்த வாரமே ஸ்கவுட்மாஸ்டரிடம் (ட்ரூப்பை வழிநடத்தும் பெரியவர்) அவளே பேசட்டும். பட்ரோல் லீடர், சீனியர் பட்ரோல் லீடர் இரண்டும் தேர்தலில் வருபவை, அதற்குக் காத்திருக்க வேண்டியதில்லை. ஸ்க்ரைப், குவார்ட்டர்மாஸ்டர், ஹிஸ்டோரியன், லைப்ரேரியன், இன்ஸ்ட்ரக்டர், ட்ரூப் கைடு, டென் சீஃப் எல்லாம் நியமனப் பதவிகள், இவையும் செல்லும். 6 மாதமும் தொடர்ச்சியாக இருக்கவேண்டும் என்றில்லை, ஒரே பதவியாக இருக்கவேண்டும் என்றும் இல்லை. ஆனால் ஒரே மாதத்தில் இரண்டு பதவி வகித்தால் அது இரண்டு மாதம் ஆகாது. பதவிக்குப் பதில் ஸ்கவுட்மாஸ்டர் ஒப்புக்கொண்ட தலைமைப் பணி ஒன்றைச் செய்யலாம் என்ற மாற்றுவழி ஸ்டார், லைஃப் இரண்டுக்கு மட்டும்தான். அதை ஈகிளுக்கும் உண்டு என்று நினைத்துக் கடைசியில் மாட்டிக்கொள்பவர்கள் நிறையப் பேர்.

இரண்டு, கேம்ப்பிங் கணக்கு. 20 இரவு வேண்டும். அதில் நீண்ட முகாம் ஒன்றே ஒன்றுதான் சேரும், அதுவும் அதிகபட்சம் 6 இரவு. ஆகவே உங்கள் 14-இல் 5 இரவு முகாமைக் கழித்துவிடுங்கள். செல்லுபடியாவது 9. இன்னும் 11 இரவு பாக்கி. வெள்ளி, சனி இரண்டு இரவு என்று போனால் 6 முகாம். ட்ரூப் மாதம் ஒருமுறை போகிறது என்றால் அரை வருடம். மழையிலோ வெயிலிலோ ஒன்றிரண்டு ரத்தாகும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கூடாரத்திலோ திறந்த வானத்தின் கீழோ தூங்கிய இரவு மட்டும்தான் கணக்கு. கேபினில் தங்கியது சேராது, குடும்பத்தோடு பூங்காவுக்குப் போய்க் கூடாரம் அடித்ததும் சேராது. ஸ்கவுட் நிகழ்ச்சியாக இருக்கவேண்டும். அதே பேட்ஜில் மலையேற்றம், 4 மைல் பேக்பேக்கிங், 15 மைல் சைக்கிள் பயணம் போன்றவற்றிலிருந்து இரண்டு செய்யும் பகுதியும் இருக்கிறது. இந்த 6 முகாம்களுக்குள் அவற்றையும் பொருத்திவிட்டால் தனியாக நாள் தேடவேண்டாம்.

அடுத்து, நாள் குறைக்கவே முடியாத மூன்று பேட்ஜ்கள். பெர்சனல் மேனேஜ்மென்ட்டில் வரவுசெலவுத் திட்டம் போட்டு 13 வாரம் விடாமல் எழுதவேண்டும். பெர்சனல் ஃபிட்னஸில் 12 வாரப் பயிற்சி. ஃபேமிலி லைஃபில் குறைந்தது 5 வீட்டுவேலைகளை 90 நாள் செய்து குறித்துவைக்க வேண்டும். மூன்றையும் ஒரே நாளில் தொடங்கலாம், ஒரே நேரத்தில் ஓடட்டும். ஏறக்குறைய மூன்று மாதத்தில் மூன்றும் முடியும். ஒன்றன்பின் ஒன்றாக வைத்தால் ஒன்பது மாதம் போய்விடும். இங்கே கெட்டுப்போவது பெரும்பாலும் ஒரே காரணத்தால்: பேட்ஜ் கவுன்சிலரை (அந்த பேட்ஜைச் சொல்லிக்கொடுத்துச் சரிபார்க்கும் பெரியவர்) பார்க்காமலே எழுத ஆரம்பிப்பது. பயிற்சித் திட்டத்தை அவர் பார்த்துச் சரி என்ற பிறகுதான் முதல் வாரம் தொடங்கவேண்டும். இல்லையென்றால் 12 வாரத்தையும் மறுபடி செய்யச் சொல்ல அவருக்குக் காரணம் கிடைத்துவிடும். குக்கிங்கிலும் அப்படியே, மெனுவைக் காட்டி ஒப்புதல் வாங்கியபின்தான் அடுப்பு.

எமர்ஜென்சி பிரிபேர்ட்னஸுக்கு முதலில் ஃபர்ஸ்ட் எய்ட் பேட்ஜ் முடிந்திருக்க வேண்டும். உங்கள் 15-இல் அது இருக்கும் என்று நினைக்கிறேன், பார்த்துக்கொள்ளுங்கள். ஈகிளுக்குக் கட்டாயமான பேட்ஜ்களின் பட்டியல் அவ்வப்போது மாறுகிறது. 2022 ஜூலையில்கூட ஒன்று சேர்த்தார்கள். பழைய கைப்புத்தகத்தை வைத்து எண்ணாமல், இப்போது நடப்பில் உள்ள ஈகிள் விண்ணப்பப் படிவத்தை வைத்து எண்ணுங்கள்.

கமிட்டி_லதா

முகாம்காரன் சொன்னதை அப்படியே வழிமொழிகிறேன். ப்ராஜெக்ட் பகுதியை நான் எடுத்துக்கொள்கிறேன்.

கோயில் தாராளமாக ஆகும். மத அமைப்பு, பள்ளி, சமூகம் இந்த மூன்றில் எதற்காவது பயன்படவேண்டும் என்பதே விதி. சர்ச் மட்டும் என்று யாராவது சொன்னால் காதில் வாங்காதீர்கள். ஸ்கவுட் அமைப்புக்காகவே செய்வது கூடாது, தனிநபருக்கோ லாபம் பார்க்கும் வியாபாரத்துக்கோ செய்வதும் கூடாது. ட்ரூப்பை நடத்தும் சார்ட்டர் நிறுவனமே பயனாளியாக இருக்கலாம். ஆகவே உங்கள் ட்ரூப் அந்தக் கோயிலிலேயே இயங்கினாலும் சிக்கலில்லை.

100 மணி நேரம் என்று எதுவும் கிடையாது. குறைந்தபட்ச மணி நேரமே கிடையாது. அறிக்கையில் மணி நேரம் கேட்பது புள்ளிவிவரத்துக்காக மட்டும். எந்த ட்ரூப்பும் தானாக ஓர் எண்ணை வைத்துக்கொண்டு குழந்தையைத் திருப்பி அனுப்ப முடியாது. பார்க்கப்படுவது இது: அவள் திட்டமிட்டாளா, அவளைத் தவிர குறைந்தது இரண்டு பேருக்காவது தலைமை தாங்கினாளா. அலமாரி கொஞ்சம் கோணலாக வந்தாலும் தலைமை தெரிந்தால் தேறும். அப்பா அழகாகச் செய்து கொடுத்து அவள் பக்கத்தில் நின்றால் தேறாது. இதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம், நம் வீடுகளில் பிள்ளைக்காகப் பெற்றோர் இறங்கி வேலை செய்வது இயல்பு. அந்த அன்பு இந்த ஒரு இடத்தில் பிள்ளைக்கே எதிராகத் திரும்பும். கோயில் கமிட்டிக்குப் போகும் மின்னஞ்சலை அவளே எழுதட்டும். ஸ்கவுட் தலைவர்களுக்கு எழுதும்போது உங்களையோ இன்னொரு தலைவரையோ நகலில் சேர்க்கட்டும், அது இளையோர் பாதுகாப்பு விதி.

வரிசை முக்கியம். ப்ராஜெக்ட் ஒர்க்புக் என்று ஒரு பிடிஎஃப் இருக்கிறது. உலாவியில் திறந்தால் சரியாக வேலை செய்யாது. தரவிறக்கி, கணினியில் அடோபி ரீடரில் திறக்கவேண்டும். அதில் முதலில் ப்ரபோசல். அதற்கு நான்கு ஒப்புதல்: பயனாளி, ஸ்கவுட்மாஸ்டர், ட்ரூப் கமிட்டி, அப்புறம் கவுன்சில் அல்லது டிஸ்ட்ரிக்ட் (வட்டார அளவில் ட்ரூப்புகளைப் பார்த்துக்கொள்ளும் ஸ்கவுட் நிர்வாகம்). நான்கும் கையெழுத்தாகும் வரை ஒரு பலகைகூட வாங்கக்கூடாது. கையெழுத்துக்கு முன் வேலை தொடங்கிய ப்ராஜெக்டுகள்தான் பெரிய வில்லங்கத்தில் முடிகின்றன. கோயில் கமிட்டி மாதம் ஒருமுறை கூடும், டிஸ்ட்ரிக்ட்டிலும் அப்படித்தான். இந்த நான்கு கையெழுத்துக்கே ஆறிலிருந்து எட்டு வாரம் ஒதுக்கிவையுங்கள்.

ப்ரபோசலில் ஸ்க்ரூ எண்ணிக்கை வரை எழுதவேண்டாம். என்ன செய்யப்போகிறோம், யாருக்குப் பயன், என்ன மாதிரிப் பொருட்கள், தோராயச் செலவு, எந்தெந்தக் கட்டமாக வேலை நடக்கும், என்ன ஆபத்து வரலாம், அதற்கு என்ன ஏற்பாடு. இதோடு இடத்தின் இப்போதைய புகைப்படம், கையால் வரைந்த படம். இது போதும். அதற்குப் பிறகு வரும் விரிவான திட்டத்துக்கு யாருடைய ஒப்புதலும் தேவையில்லை என்பதால் பலர் அதை எழுதாமலே விட்டுவிடுகிறார்கள். எழுதியவளுக்கு வேலை நாளன்று பதற்றம் குறையும். ரிவ்யூ நாளில் (கடைசியில் பெரியவர்கள் குழு ஒன்று அவளோடு பேசி முடிவெடுக்கும் நாள்), திட்டத்துக்கும் நடந்ததுக்கும் என்ன வித்தியாசம் என்று கேட்டால் காட்டுவதற்கும் ஒரு தாள் இருக்கும். ப்ராஜெக்ட் கோச் ஒருவரைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். டிஸ்ட்ரிக்ட்டில் அதற்கென்றே ஆட்கள் இருப்பார்கள்.

பணம்: அவள், நீங்கள், உறவினர், ட்ரூப், ட்ரூப் பெற்றோர், சார்ட்டர் நிறுவனம், பயனாளியான கோயில் இவர்கள் கொடுத்தால் தனி விண்ணப்பம் வேண்டாம். அதற்கு வெளியே யாரிடம் போனாலும் நிதி திரட்டல் விண்ணப்பம் போட்டுக் கவுன்சிலில் முன்கூட்டியே ஒப்புதல் வாங்கவேண்டும். மரக்கடையில் இலவசமாகப் பலகை கேட்பதும் இதில் அடங்கும். பக்தர்களிடம் உண்டியல் வைப்பது வெளியே போவதுதான். கோயில் நிர்வாகமே தன் நிதியிலிருந்து பொருள் வாங்கித் தந்தால் இந்தத் தலைவலி இல்லை. எந்த வழியிலும் மிச்சப்படும் பணம் கோயிலுக்குத்தான் போகவேண்டும்.

மரவேலை_சேகர்

அலமாரியைப் பற்றிக் கொஞ்சம். எளிமையாகத் தெரியும், ஆனால் இரண்டு மூன்று இடத்தில் சொதப்பும்.

முதலில் அளக்கவேண்டியது வாசலை. தீ விபத்தின்போது மக்கள் வெளியேறும் வழியை அலமாரி குறுக்கக்கூடாது. கட்டடப் பராமரிப்பைப் பார்ப்பவரோடு நின்று இடத்தைத் தரையில் டேப் ஒட்டிக் குறித்துவிட்டு, அதன் பிறகு படம் வரையச் சொல்லுங்கள். வாசலுக்கு வெளியே வைக்கப்போகிறீர்கள் என்றால் பிரஷர் ட்ரீட்டட் (அழுகாமலிருக்க மருந்தேற்றிய) மரமும் அதற்கேற்ற பூச்சுள்ள ஸ்க்ரூவும் வேண்டும். சாதாரண ஸ்க்ரூ அந்த மரத்தில் சீக்கிரம் துருப்பிடிக்கும்.

கணக்கு இப்படிப் போகும். ஒரு ஜோடிக்கு 8 அங்குல அகலம் வைத்தால் 8 அடித் தட்டில் 12 ஜோடி. நான்கு தட்டு, 48 ஜோடி. தட்டை முழுப் பலகையாகப் போடாமல் பட்டைகளாகப் போடுங்கள், ஈரச் செருப்பின் தண்ணீர் வடியும், மண் தங்காது. கடையில் 1x4 (அங்குலத்தில்) என்று விற்கும் பலகை உண்மையில் முக்கால் அங்குலத் தடிமன், மூன்றரை அங்குல அகலம்தான். இது தெரியாமல் படம் வரைந்தால் எல்லா அளவும் தப்பும். அந்தப் பட்டை மூன்று, நடுவில் முக்கால் அங்குல இடைவெளி இரண்டு, மொத்தம் சரியாக 12 அங்குல ஆழம். நான்கு தட்டுக்கு 8 அடிப் பட்டை 12. முக்கால் அங்குலப் பட்டை 8 அடிக்கு ஒரே தாவாகப் போனால் தொய்யும், அதனால் 32 அங்குலத்துக்கு ஒரு தாங்கி, இரு ஓரமும் சேர்த்து நான்கு. ஒவ்வொரு சந்திப்பிலும் இரண்டு ஸ்க்ரூ என்றால் பட்டைகளுக்கு மட்டும் 96. ஓரத்தில் முன்துளை போடாமல் ஏற்றினால் மரம் பிளக்கும். புதிதாக வரும் பிள்ளைகள் செய்யும் முதல் தப்பு இதுதான், ஆகவே துளை போட ஒருவர், ஸ்க்ரூ ஏற்ற ஒருவர் என்று பிரித்துவிடச் சொல்லுங்கள். தட்டுகளுக்கு இடையே 9 அங்குலம் விட்டால் ஷூ தாராளமாக நுழையும். சிறு குழந்தைகள் ஏறுவார்கள், கட்டாயம் சுவரோடு பிணைக்கவேண்டும்.

அப்பா அறுக்கலாமா என்று கேட்டீர்கள். மின் கருவிகளுக்கு வயது வாரியாக எதை யார் தொடலாம் என்ற பட்டியலே ஸ்கவுட் அமைப்பு தந்திருக்கிறது, அதை அச்சிட்டு வேலையிடத்தில் ஒட்டிவையுங்கள். பெரியவர்களுக்கு என்று ஒதுக்கியிருக்கும் அறுப்பைப் பெரியவர் செய்வதில் தப்பில்லை, சரியும் அதுதான். எதை, எந்த அளவில், எத்தனை துண்டு என்று வெட்டுப் பட்டியலை எழுதி அவர் கையில் கொடுப்பவள் மகளாக இருக்கவேண்டும். முந்தைய நாளே எல்லாம் அறுத்து, ஒவ்வொரு துண்டிலும் எண் எழுதிவிட்டால் வேலை நாளன்று இரம்பமே தேவையில்லை. பத்துப் பேரை வைத்துக்கொண்டு ஒரு இரம்பத்துக்காக வரிசையில் நிற்கும் காட்சி வராது. தேய்த்தல், துளை, பூட்டுதல், சாயம் என்று நான்கு மேசை போட்டு ஒவ்வொன்றுக்கும் ஒருவரைப் பொறுப்பாக்கினால், அவள் கருவியைத் தொடாமல் சுற்றிவந்து மேற்பார்வை பார்க்கலாம்.

கால்களைத் தரையில் குழி தோண்டி நடுவதாக இருந்தால், சில வேலை நாட்களுக்கு முன்பே 811-ஐ அழைத்து நிலத்தடிக் குழாய், கம்பி இடங்களைக் குறித்து வாங்கவேண்டும். இலவசம்.

செண்பகம்_டெக்சஸ்

மூவருக்கும் மிக்க நன்றி. பியூக்ளர் விஷயம் எங்களுக்குத் தெரியவே தெரியாது. நாளைக் கூட்டத்திலேயே குவார்ட்டர்மாஸ்டர் பற்றிக் கேட்கப்போகிறாள்.

இன்னும் இரண்டு சந்தேகம். 18 பிறந்தநாளுக்குள் எதுவரை முடிந்திருக்க வேண்டும், ரிவ்யூ உட்பட எல்லாமா? கோயிலுக்கு வரும் ஸ்கவுட் அல்லாத பிள்ளைகளும் வேலைக்கு உதவலாமா?

கமிட்டி_லதா

உதவலாம். உறவுக்காரப் பிள்ளைகள், பள்ளித் தோழிகள், கோயில் இளைஞர்கள் யாராக இருந்தாலும் சரி. பெற்றோர் சம்மதம் வாங்கிக்கொள்ளுங்கள். 21 வயது நிரம்பிய, இளையோர் பாதுகாப்புப் பயிற்சி முடித்த, பதிவுபெற்ற தலைவர்கள் இருவர் வேலை நடக்கும் முழு நேரமும் அங்கே இருக்கவேண்டும். ஒருவர் வரவில்லை என்றால் வேலை நின்றுவிடும், அதனால் மூன்றாவதாக ஒருவரிடமும் சொல்லிவைக்கட்டும். வருகைத் தாள் ஒன்று வாசலில் வைத்துப் பெயர், வந்த நேரம், போன நேரம் எழுதவையுங்கள். அறிக்கையில் மணி நேரத்தை அதிலிருந்து கூட்டிப் போட்டுவிடலாம்.

பிறந்தநாள் விஷயம்: போர்டு ஆஃப் ரிவ்யூ ஒன்று மட்டும் பிறகு நடக்கலாம். மற்ற எல்லாமே, கடைசி பேட்ஜ், ப்ராஜெக்ட், பொறுப்பு மாதங்கள், ஸ்கவுட்மாஸ்டர் கான்ஃபரன்ஸ் (ஸ்கவுட்மாஸ்டர் அவளோடு உட்கார்ந்து பேசும் சந்திப்பு) உட்பட, 18 பூர்த்தியாகும் முன் முடிந்திருக்க வேண்டும். கான்ஃபரன்ஸ் எல்லாம் முடிந்து கடைசியில்தான் நடக்கவேண்டும் என்பது பரவலான தவறான எண்ணம். லைஃப் ஆன பிறகு எப்போது வேண்டுமானாலும் நடத்தலாம். பிறந்தநாளுக்கு முந்தைய வாரம் ஸ்கவுட்மாஸ்டர் வெளியூர் போய்விட்டால் என்ன செய்வது என்ற கவலையே வேண்டாம், இப்போதே ஒன்றை நடத்திவிடச் சொல்லுங்கள்.

கால நீட்டிப்பு என்று ஒன்று இருக்கிறது, ஆனால் கடும் நோய் போல அவள் கையை முற்றிலும் மீறிய காரணத்துக்குத்தான். பள்ளித் தேர்வு, கல்லூரி விண்ணப்பம், நேரம் போதவில்லை இவையெல்லாம் செல்லாது. அதை நம்பித் திட்டம் போடாதீர்கள்.

விண்ணப்பத்தில் நற்சான்றுக்கு ஆறு இடம் இருக்கும்: பெற்றோர், மதம், கல்வி, வேலை கொடுத்தவர், மேலும் இருவர். வேலைக்குப் போகாதவள் என்றால் அந்த இடத்தைக் காலியாக விடலாம். மத இடத்தில் கோயில் குருக்களையோ ஞாயிறு வகுப்பு ஆசிரியரையோ போடலாம். ஆங்கிலத்தில் கடிதம் எழுதப் பழக்கமில்லாதவரை அந்த இடத்தில் போட்டால் கடிதம் வருவதில் தாமதமாகும், முன்பே கேட்டுப் பார்த்துக்கொள்ளட்டும். கடிதங்களை அவளோ நீங்களோ திறந்து படிக்கக்கூடாது. வாழ்க்கை இலக்கு பற்றிய ஒரு கட்டுரையும் இணைக்கவேண்டும், அதில் ட்ரூப்புக்கு வெளியே செய்த தலைமைப் பணிகளும் பெற்ற பாராட்டுகளும் இடம்பெறும்.

போர்டில் 3 முதல் 6 பேர், எல்லோரும் 21 வயது நிரம்பியவர்கள். ஸ்கவுட்மாஸ்டரும் பெற்றோரும் உறுப்பினராக முடியாது. முடிவு ஒருமனதாக இருக்கவேண்டும். பேட்ஜ் பாடங்களில் மறுதேர்வு வைக்கமாட்டார்கள். ப்ராஜெக்டில் யாரிடம் வேலையை ஒப்படைத்தாய், எது திட்டப்படி நடக்கவில்லை, அப்போது என்ன செய்தாய் என்ற பாணியில்தான் பேச்சு போகும்.

ஜெர்சி_கண்ணன்

லதா மேடம் சொன்னதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. சேகர் அண்ணன் கணக்கில் மட்டும் ஒரு வேண்டுகோள்: ஒரே ஒரு 8 அடி அலமாரியோடு நிறுத்தச் சொல்லுங்கள். வாசல் முழுவதும் நாலைந்து அலமாரி என்று ப்ரபோசலில் எழுதிவிட்டால், பயனாளி அதை எதிர்பார்ப்பார். நிதி விண்ணப்பம், இரண்டாவது வேலை நாள், மூன்றாவது வேலை நாள் என்று இழுத்துக்கொண்டே போகும். ஒப்புதல் வாங்கிய அளவில் பெரிய மாற்றம் செய்வதென்றால் பயனாளியிடமும் ஸ்கவுட்மாஸ்டரிடமும் மறுபடி பேசவேண்டும். 11 மாதத்தில் 6 முகாம் போகவேண்டியவளுக்கு அந்தச் சுமை வேண்டாம்.

இன்னொன்று யாரும் சொல்லவில்லை. விண்ணப்பம் கவுன்சிலில் திரும்பி வருவதற்குப் பெரிய காரணம் தேதிகள். ஃபர்ஸ்ட் கிளாஸ், ஸ்டார், லைஃப் ரிவ்யூ நடந்த தேதி, ஒவ்வொரு பேட்ஜும் முடிந்த தேதி, பதவி தொடங்கிய தேதி எல்லாம் விண்ணப்பத்திலும் கவுன்சில் பதிவிலும் ஒன்றாக இருக்கவேண்டும். ட்ரூப்பின் அட்வான்ஸ்மென்ட் பொறுப்பாளரிடம் அவள் பதிவின் அச்சுப்பிரதியை இப்போதே கேட்டு வாங்கி, கையில் உள்ள புளூ கார்டுகளோடு (பேட்ஜ் முடிந்ததற்குக் கவுன்சிலர் கையெழுத்திடும் அட்டை) ஒப்பிடட்டும். விட்டுப்போன பேட்ஜ் இருந்தால் அந்தக் கவுன்சிலர் இன்னும் ஊரில் இருக்கும்போதே சரிசெய்யலாம். புளூ கார்டுகளை ஸ்கேன் எடுத்து இரண்டு இடத்தில் வையுங்கள். அசல் தொலைந்தால் அதுதான் சாட்சி.